மூடி போட்ட வாளி

— வாளியை வெளியே வச்சிட்டுப் பேசு. கொட்டகைக்குள்ள கொண்டு வராதே.

— வெளியே வைக்கிறதுக்கா இதைத் தூக்கிட்டு நடந்து வந்தேன்? பஸ்ஸுல ஏறினா கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கிட்டு இறக்கி விடுறான். காலையில ஆறு மணிக்குக் கிளம்பினவ நான். மூடியைத் திறந்து பாருங்கக்கா.

— நான் எதுக்குப் பார்க்கணும்? டாக்டர் தம்பி, நல்லவேளை நீங்களும் இருக்கீங்க. சொன்னேனே ஒரு கறவைக்காரி, அது இவதான். பதினேழு வருஷம் இந்தக் கொட்டகையில பால் கறந்தவ. கடைசியில சினைமாட்டை உதைச்சுக் கலைச்சுட்டுப் போனா.

— எனக்கு அவங்களைத் தெரியும் மேடம். அவங்க கிடேரிக்குப் போன மாசம் நான்தான் வைத்தியம் பார்த்தேன்.

— எந்தக் கிடேரி? நான் கொடுத்ததா? பார்த்துக்கோங்க தம்பி. வேலையை விட்டுத் துரத்தினவளுக்கும் வெறுங்கையோட போகாதேன்னு ஒரு கிடேரியைப் பிடிச்சுக் கொடுத்தேன். அதுவும் என் முதல் மாடு வெள்ளச்சியோட பேத்தி. இந்த வட்டாரத்துல வேற யார் செய்வா?

— யாரும் செய்ய மாட்டாங்கக்கா. அந்தப் பேத்தி முதல் சினையிலேயே, அஞ்சாம் மாசம் கலைஞ்சு போச்சு.

— பின்னே? உன் கை பட்ட இடமெல்லாம் அப்படித்தான் ஆகும்.

— என் கையா? இந்தக் கையால இங்க எத்தனை கன்னு இழுத்துப் போட்டிருக்கேன், ஞாபகம் இருக்கா? கால் மாட்டிக்கிட்ட கன்னு, தலை திரும்பின கன்னு. முழங்கை வரைக்கும் உள்ள விட்டு, மூச்சு வாங்க இழுத்தேன். அப்போ ராசியான கைன்னு சொன்னீங்க. ஒரே வருஷத்துல மூணு மாடு கலைஞ்சதும், கையை மறந்துட்டு என் காலைப் பார்க்க ஆரம்பிச்சீங்க.

— பொட்டு மாடு கலைஞ்ச அன்னைக்கு நீ பக்கத்துலதானே இருந்தே?

— பால் கறக்கிறவ மாட்டுப் பக்கத்துல இல்லாம, மாடி மேலயா உட்கார்ந்திருப்பா? ஓடி வந்தீங்க. கீழே கிடந்த கன்னைப் பார்த்தீங்க. "எங்கடி உதைச்சே?"ன்னு கேட்டீங்க. உதைச்சியான்னு கூடக் கேக்கல. எங்க உதைச்சேன்னு கேட்டீங்க. உதைச்சது ஏற்கெனவே முடிவாயிடுச்சு, இடம் எதுன்னு காட்ட வேண்டியதுதான் பாக்கி.

— சத்தத்தைக் குறை. மாடு மிரளுது.

— மிரளட்டும். அன்னைக்குச் சாயங்காலமே பால் சொசைட்டி வாசல்ல, கேனை வச்சுக்கிட்டு நாப்பது பேரு வரிசையில நிக்கும்போது, "இவளை யாரும் கொட்டகையில சேர்க்காதீங்க, சினைமாட்டை உதைக்கிறவ"ன்னு கத்தினீங்களே, அப்போ எந்த மாடும் மிரளலையா?

— என் கன்னு செத்துப் போன வயித்தெரிச்சல்ல சொன்னேன்.

— என் பொழப்பு செத்துப் போச்சு, அதுக்கு யாருக்கு வயிறு எரிஞ்சுது? எட்டு பண்ணையில போய் வேலை கேட்டேன். ஏழு பேரு முகத்துல அடிச்ச மாதிரி கதவைச் சாத்தினாங்க. அதுல ஒருத்தர் நாயையும் அவிழ்த்து விட்டார். நாய்க்குக் கூட என்னைத் தெரியும், வாலை ஆட்டிக்கிட்டு நின்னுச்சு, அது வேற விஷயம்.

— எட்டாவது பண்ணை?

— அதைக் கடைசியில சொல்றேன். முதல்ல டாக்டரய்யா பையில இருக்கிற காகிதத்தை எடுக்கட்டும்.

— ஓஹோ. ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டுதான் வந்திருக்கீங்களா? தம்பி, நீங்க ரத்தம் எடுக்கும்போது என்ன சொன்னீங்க? எல்லாப் பண்ணையிலயும் எடுக்கிறோம்னு சொன்னீங்க.

— எல்லாப் பண்ணையிலயும்தான் எடுத்துக்கிட்டு வர்றோம் மேடம். ஆனா உங்க பண்ணைக்கு முதல்ல வந்தேன். ஏன்னா அவங்க கிடேரிக்கு ரத்தம் பார்த்தப்போ ஒரு ஒட்டுண்ணி இருக்கிறது தெரிஞ்சுது. கிடேரி எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டேன். உங்க வீட்டைச் சொன்னாங்க.

— ஒட்டுண்ணியா? உண்ணிக்குத்தான் மாசாமாசம் மருந்து அடிக்கிறேனே. தம்பி, ஒவ்வொரு மாட்டையும் தடவிப் பாருங்க, ஒரு உண்ணி இருந்தா என் காதை அறுத்துக்கிறேன்.

— இது தோல்ல ஒட்டுற உண்ணி இல்ல மேடம். கண்ணுக்கே தெரியாது. மைக்ராஸ்கோப்புல வச்சாத்தான் தெரியும். மாட்டோட சதைக்குள்ள, மூளைக்குள்ள கூடு கட்டிக்கிட்டுச் சும்மா கிடக்கும். காய்ச்சல் வராது. தீனி எடுக்கும். மடி நிறையப் பால் கொடுக்கும். நாமளும் நல்ல மாடுன்னுதான் நினைப்போம்.

— சும்மா கிடக்கிறது கிடந்துட்டுப் போகட்டும். அதுல என்ன?

— சினை பிடிக்கிற வரைக்கும்தான் சும்மா கிடக்கும். சினையானதும் முழிச்சுக்கும். ரத்தத்தோட கலந்து கருப்பைக்குப் போய், வயித்துல இருக்கிற கன்னுக்குள்ள நுழைஞ்சிடும். சில கன்னு உள்ளேயே செத்துடும், அஞ்சு மாசம், ஆறு மாசத்துல கலைஞ்சு விழும். யாரும் உதைக்க வேண்டியதில்ல.

— கேட்டீங்களாக்கா? மறுபடி சொல்லச் சொல்லட்டுமா?

— நீ வாயை மூடு. தம்பி, எல்லாம் சரி. ஆனா கலைஞ்ச மாடெல்லாம் அடுத்த வருஷம் நல்லாத்தான் கன்னு போட்டுச்சு. பொட்டு போட்டுச்சு. சண்டைக்காரி போட்டுச்சு. துள்ளிக் குதிக்கிற கிடேரிங்க, அதோ அங்க கட்டியிருக்கு பாருங்க.

— அதுதான் மேடம் கஷ்டம். அதிகமான கன்னுங்க நல்லாத்தான் பிறக்கும். துள்ளும், குடிக்கும், வளரும். ஆனா பிறக்கும்போதே அதோட உடம்புக்குள்ள அது இருக்கும். தாய்கிட்ட இருந்து வாங்கிட்டுத்தான் வெளியவே வரும். அது வளர்ந்து சினையானா, அதோட கன்னுக்குப் போகும். அப்புறம் அதோட கன்னுக்கு. ஒரு மாட்டுல இருந்து இன்னொரு மாட்டுக்குப் பக்கத்துல கட்டினா ஒட்டாது. தாய், மகள், பேத்தின்னு அந்த வழியிலேயே இறங்கும்.

— மருந்து?

— இல்ல.

— ஊசி?

— இல்ல மேடம்.

— எதுவுமே இல்லாம என்ன படிப்பு படிச்சீங்க நீங்க?

— என்கிட்ட கோபப்படுங்க, பரவாயில்ல. பதினாலு மாட்டுக்கு ரத்தம் எடுத்தேன். நாலு மாடு நீங்க போன வருஷம் வெளியில வாங்கினது. அந்த நாலுலயும் இல்ல. மீதி பத்தும் வெள்ளச்சி வம்சம். அதுல ஒன்பதுல இருக்கு.

— ஒன்பதா?

— ஒன்பது.

— இல்ல. காகிதம் மாறிப் போயிருக்கும். எந்தப் பண்ணை மாட்டு ரத்தத்தையோ என் பேர்ல எழுதிட்டாங்க. வெள்ளச்சியைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும் தம்பி? என் வீட்டுக்காரர் போனப்போ எனக்கு மிஞ்சினது அந்த ஒரு மாடுதான். ஒத்தை மாடு. அது கொடுத்த பால்லதான் என் மகளைப் படிக்க வச்சேன். அதோட மக, பேத்தின்னு கட்டிக் கட்டி இந்தக் கொட்டகை போட்டேன். ராத்திரி அது இருமினாக்கூட நான் எழுந்து வந்து நின்னிருக்கேன். அந்த மாட்டைக் குத்தம் சொல்றீங்க.

— மாடு மேல என்ன மேடம் குத்தம்? அது பாவம்.

— அக்கா, எனக்கும் வெள்ளச்சியைப் பிடிக்கும். நான் கறந்த மாட்டுலயே பெரிய மனுஷி அவதான். ஆனா நீங்க என்ன பண்ணினீங்க? செவலை, கொம்பு முறிஞ்சது, அந்தக் குட்டை மாடு, எல்லாம் வருஷம் தவறாம கன்னு போட்டுச்சு. பால் கொஞ்சம் கம்மின்னு வித்தீங்க. வெள்ளச்சி வம்சம் மட்டும்தான் இந்தக் கொட்டகையில நிக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னீங்க. நல்லா இருந்ததை எல்லாம் லாரி ஏத்திட்டு, நோயை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தீங்க.

— எனக்கு என்னடி தெரியும்? உள்ள புகுந்து பார்த்தேனா?

— தெரியாதுன்னு சொன்னீங்களே, அந்த வார்த்தையை ரெண்டு வருஷம் முன்னாடி சொல்லியிருந்தா நான் இன்னைக்கு இங்க வந்து கத்தியிருக்க மாட்டேன். அன்னைக்குத் தெரியாதுன்னு சொல்ல வாய் வரல. தெரியும், இவதான்னு சொல்லத்தான் வந்துச்சு.

— தம்பி, வெள்ளச்சிக்கு எங்கிருந்து வந்துச்சு? அதைச் சொல்லுங்க. ஆகாசத்துல இருந்தா விழுந்துச்சு?

— உறுதியா யாராலயும் சொல்ல முடியாது மேடம். ஆனா வழக்கமா நாய் வழியாத்தான் வரும். நோய் இருக்கிற மாட்டோட நஞ்சுக்கொடியை, செத்த கன்னை நாய் தின்னா, அதுக்குள்ள போகும். அப்புறம் நாய் போற மலத்துல வெளியே வரும். அந்த நாய் தீவனத்துல, தண்ணித் தொட்டி பக்கத்துல போச்சுன்னா மாடு அதைத் தின்னுடும்.

— அப்படிச் சொல்லுங்க! இந்த நாய்தான். வைக்கோல் போர் மேலதான் எந்நேரமும் படுத்துக் கிடக்கும். இன்னைக்கே பிடிச்சுக் கொண்டுபோய் எங்கயாவது விட்டுடச் சொல்றேன்.

— அடடா. முதல்ல நான், இப்போ நாய். உங்களைத் தவிர எல்லாரையும் துரத்தியாச்சு.

— என்னடி உளர்றே?

— உளறலக்கா. நான் இருந்த வரைக்கும் ஒவ்வொரு கன்னு விழும்போதும் பின்னால போய் குழி தோண்டி, சுண்ணாம்பு கொட்டி, நஞ்சுக்கொடியைப் புதைப்பேன். எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல. நாத்தம் தாங்காது, அதுக்காகப் புதைப்பேன். நீங்க என்ன சொன்னீங்க? "அரை மணி நேரம் மண்வெட்டி பிடிச்சுக்கிட்டு நிக்கிறியே, அதுக்குள்ள ரெண்டு மாடு கறக்கலாமே. தூக்கி நாய்க்குப் போடு, அதுவாவது தின்னட்டும்." ஞாபகம் இருக்கா? இல்ல இதையும் நான்தான் சொன்னேனா?

— எல்லா வீட்டுலயும் நாய்க்குத்தான் போடுறாங்க.

— உண்மைதான் மேடம், எல்லாரும் போடுறாங்க. அதனாலதான் நான் பண்ணை பண்ணையா போய்ச் சொல்லிக்கிட்டு இருக்கேன். இனிமே நஞ்சுக்கொடியைப் புதைச்சிடுங்க, தீவனத்தை மூடி வைங்க. நாயைத் துரத்தி ஒண்ணும் ஆகப் போறதில்ல. வெள்ளச்சி வம்சத்துல இருக்கிறது தாய், மகள்னு இறங்கிக்கிட்டேதான் இருக்கும். அந்த ஒன்பதுல இருந்து இனிமே கிடேரி எடுத்து வளர்க்காதீங்க, வளர்க்கறதுக்குன்னு விக்கவும் விக்காதீங்க. பாலுக்கு வச்சுக்கலாம், பாலுக்கு ஒண்ணும் இல்ல.

— விக்காதீங்கன்னா? பதினோரு மணிக்கு வண்டி வருது தம்பி. மூக்குத்தி மாட்டையும் அது தங்கச்சியையும் கேட்டு, வாங்குறவர் மூணு தடவை வந்துட்டார். வெள்ளச்சி வம்சம்னுதான் கேக்குறார்.

— அந்த ரெண்டுக்குமே ரத்தத்துல இருக்கு மேடம். சொல்லாம விக்கக் கூடாது.

— ஒரு ரெண்டு மணி நேரம் அந்தக் காகிதம் உங்க பையிலயே இருக்கட்டும். மத்தியானம் வந்து கொடுங்க. நானும் மத்தியானம்தான் பார்த்தேன்னு சொல்லிக்கிறேன்.

— அது முடியாது.

— மேல உள்ளவங்களுக்கு நான் ஒரு போன் போட்டா...

— போடுங்க மேடம். எந்த ஊருக்கு மாத்தினாலும் அங்கயும் மாடு இருக்கும்.

— வாங்கிட்டுப் போறவங்க யாருக்கா?

— யாரா இருந்தா உனக்கு என்ன?

— எனக்கு ஒண்ணும் இல்ல. அந்த வீட்டுலயும் ஒரு கறவைக்காரி இருப்பா இல்ல? ரெண்டு வருஷம் கழிச்சு மூக்குத்தி கலைஞ்சு போட்டா, அந்த வீட்டுக்காரர் யாரைப் பார்த்துக் கத்துவார்? பாவம் அவ, முன்கூட்டியே எங்கயாவது ஓடிடச் சொல்லணும்.

— இங்க பாரு. போதும். உனக்கு என்ன வேணும்? வேலை வேணுமா? நாளைக்கே வா. பழைய அறையைத் திறந்து விடச் சொல்றேன். இன்னொரு கிடேரி வேணுமா?

— இன்னொரு கிடேரியா! அக்கா, உங்க தாராளத்துக்கு ஒரு அளவு வேணாமா? ஒரு நோயைக் கொடுத்து அனுப்பினது போதாதா?

— சரி, வெளியில வாங்கின மாட்டுல ஒண்ணு. சொல்லித் தொலை.

— இன்னைக்குச் சாயங்காலம் சொசைட்டிக்கு வாங்க. எல்லாரும் கேனோட வரிசையில நிப்பாங்க. அன்னைக்கு எந்த இடத்துல நின்னு, எந்தக் குரல்ல சொன்னீங்களோ, அதே இடத்துல, அதே குரல்ல சொல்லுங்க. "இவ உதைக்கல. என் மாட்டுல நோய் இருந்துச்சு. நான்தான் தப்பாச் சொன்னேன்." இவ்வளவுதான். மூணே வரி. வேலையும் வேண்டாம், மாடும் வேண்டாம்.

— பைத்தியமா உனக்கு? அதைச் சொன்னா அப்புறம் இந்தக் கொட்டகையில இருந்து ஒரு சாணி வறட்டி கூட யாரும் வாங்க மாட்டாங்க. இருபத்தஞ்சு வருஷமா சம்பாதிச்ச பேரு.

— என் பேரு பதினேழு வருஷம்தான். அதனால மலிவு, இல்லையா?

— நீயும் நானும் ஒண்ணா?

— இல்லக்கா. நான் மாட்டை உதைச்சதில்ல.

— டாக்டர் தம்பி, இவ பேச்சைக் கேட்டுக்கிட்டு நீங்களும் நிக்கிறீங்களே. சரி, நான் ஒண்ணு கேக்குறேன். வெள்ளச்சி வம்சத்துல குறைன்னா, என் மக வீட்டு மாடு என்ன? அதுவும் வெள்ளச்சி பேத்திதான். இவளுக்குக் கொடுத்த கிடேரிக்குக் கூடப் பிறந்த அக்கா. கல்யாணம் ஆகிப் போகும்போது என் கையால கயிறைப் பிடிச்சுக் கொடுத்தேன். அது ஒரு கன்னு போட்டு, இப்போ மறுபடி அஞ்சு மாசம் சினை. ஒரு தும்மல் கிடையாது. அதுக்கு என்ன சொல்றீங்க?

— அதுக்கு இன்னும் ரத்தம் பார்க்கல மேடம். ஒரு கன்னு நல்லாப் போட்டதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. அடுத்தது கலையலாம். பிறந்த கன்னுலயும் இருக்கலாம்.

— இருக்கலாம், கலையலாம். லாம் லாம்னு படிச்சவங்க சொல்றதைக் கேட்டா வீட்டுல அடுப்பு எரியாது. என் மக வீட்டு மாடுதான் எனக்குச் சாட்சி. வாங்க வர்றவர்கிட்டயும் அதைத்தான் சொல்லியிருக்கேன். சந்தேகம் இருந்தா நேரா என் மக வீட்டுக்குப் போய் அந்த மாட்டைப் பார்த்துட்டு வாங்கன்னு. தம்பி, உங்களுக்கும் அதையே சொல்றேன்.

— சின்னம்மாகிட்ட கடைசியா எப்போ பேசினீங்கக்கா?

— என் மக பேச்சு உனக்கு எதுக்கு? அவளைப் பத்திப் பேசாதே நீ. முதல்ல இந்த வாளியைத் தூக்கு. உன் கிடேரி போன மாசமே கலைஞ்சு போச்சே, அப்புறம் இன்னைக்கு எதைத் தூக்கிட்டு வந்திருக்கே? என்னைப் பயமுறுத்தவா?

— அதைத்தான் வந்ததுல இருந்து திறந்து பாருங்கன்னு சொல்றேன். நீங்க வாளியையே பார்க்க மாட்டேங்கிறீங்க. உள்ள பார்க்க வேண்டாம், வாளியையாவது பாருங்க. விளிம்புல பேர் வெட்டியிருக்கு.

— என்ன பேரு?

— எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்க கடையில நின்னு வெட்டிக்கிட்டு வந்தது. பன்னெண்டு சீர்ப் பாத்திரம், ரெண்டு வாளி.

— தம்பி... கண்ணாடி உள்ள இருக்கு. என்ன எழுதியிருக்கு?

— உங்க மகள் பேரு மேடம். அதுக்குக் கீழ, அன்புடன் அம்மான்னு போட்டு, உங்க பேரு.

— இது எப்படி உன் கைக்கு வந்துச்சு? திருடினியா?

— எட்டாவது பண்ணை எதுன்னு கேட்டீங்களே. அங்க கதவைத் திறந்தது சின்னம்மாதான். "அம்மா சொன்னதை நான் நம்பல, உன் கையில வளர்ந்தவ நான்"னு சொல்லி உள்ள கூப்பிட்டுச்சு. ரெண்டு வருஷமா அங்கதான் கறக்கிறேன். உங்களுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவீங்கன்னு சொல்ல வேண்டாம்னுச்சு. அந்த வீட்டுல எல்லா மாட்டையும் நான் பார்க்கிறேன், நீங்க கொடுத்த மாட்டை மட்டும் சின்னம்மா யாரையும் தொட விடாது. அம்மா கொடுத்ததுன்னு, தீனி வைக்கிறது, குளிப்பாட்டுறது எல்லாம் அதுதான்.

— அப்போ இந்த வாளிக்குள்ள...

— காலையில அஞ்சு மணிக்கு விழுந்துச்சு. முடி கூட முளைக்கல.

— அவ ஏன் எனக்குப் போன் பண்ணல? நீ ஏன் தூக்கிட்டு வர்றே? அவ ஏன் வரல?

— வர விட்டாத்தானேக்கா வரும். போனைப் பிடுங்கி வச்சுக்கிட்டு, கொட்டகை வாசல்லயே நிறுத்தி, சின்னம்மாவோட மாமியார் அதுகிட்ட ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டு இருக்காங்க: "எங்கடி உதைச்சே?"